ருசி பார்ப்பது சாப்பிடுவதில் சேராது

எங்கள் வீட்டில் சாப்பிடுவது என்றால் சோறு. ரொட்டி தின்றால் அது ரொட்டி தின்றது, பழம் தின்றால் பழம் தின்றது. காலையில் நாலு துண்டு ரொட்டியும் இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் உள்ளே போன பிறகும், யாராவது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் அண்ணி யோசிக்காமல், "எங்கே, இன்னும் ஒண்ணும் சாப்பிடலை" என்பாள். அது பொய் இல்லை. அப்படித்தான் நாங்கள் பேசுவோம். அந்த ஒரு வார்த்தையால் அண்ணி மழைக்காலத்தில் பாதியை வாயைக் கட்டியும் பலனில்லாமல் கழித்தாள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் முதலில் வருவது ஒரு வாசனை. டீசலும் வதங்கும் வெங்காயமும் ஈரத் தகரமும் சேர்ந்தது.

அண்ணி பேருந்து டிப்போ கேன்டீனில் சமையல்காரி. தலைமைச் சமையல்காரி என்று போர்டில் எழுதியிருந்தது. அவளுக்குக் கீழே இருந்தது பாத்திரம் கழுவும் ஒரு வயதான அம்மாவும் நானும்தான்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருடம் அது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்திவிடுவார்கள். வகுப்பு சிரிக்கும். ஒரு காலையில் புத்தகப்பையை எடுக்கவே கை போகவில்லை. அப்பாவும் அம்மாவும் வெளியூரில் அக்கா வீட்டில் இருந்தார்கள். நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது அண்ணன் வேலை. திட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். அண்ணிதான், "விடுங்க, வீட்டுல சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்றதுக்கு என்கூட வந்து வெங்காயத்தைப் பார்த்துக்கிட்டு உட்காரட்டும். அழுதாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்று கூட்டிப் போனாள். நாள் முழுக்க நான் வாயே திறக்காததால் எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தாள்.

அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது டிப்போ ஆட்கள். கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிற சமையல்காரியை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அக்கா, அடுப்புக்கும் குளிருதாம், அதுக்கும் ஒண்ணு பின்னிக் கொடுத்துடுங்க" என்பார் ஃபோர்மேன். அவருக்கு ஹாரன் என்று பெயர். ரகசியம் பேசினாலும் கேட் வரைக்கும் கேட்கும்.

பிறகு முகம் உப்பியது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. குரல் கரகரத்தது. பட்டாணி உரித்துக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கினாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட வந்தவள், பெயர் ஞாபகம் வராமல் அப்படியே நின்று, "ஏய், நம்ம வீட்டுப் பொண்ணு" என்றாள். இருவரும் சிரித்தோம். சாயங்காலம் அதை அண்ணனிடம் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பியை அவள் உடம்பே அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது என்றார் டாக்டர். "என் உடம்புக்கே என்னைப் பிடிக்கலையாம்" என்று வீட்டுக்கு வந்து அக்கம்பக்கம் எல்லோரிடமும் சொன்னாள் அண்ணி. "மாமியார் பக்கத்துல இல்லாத குறை தீர்ந்துச்சு."

மாத்திரை கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில மாதங்களில் ரத்தத்தில் கணக்கு சரியாகிவிட்டது என்றார்கள். ஆனால் மூட்டு வலி போகவில்லை. தலைக்குள் மூட்டமாகவே இருக்கிறது என்பாள். உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே உப்பு எங்கே என்று தேடுவாள். அப்போதுதான் டாக்டர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

அந்த மேடம் ஒல்லியான சின்னப் பெண். அண்ணியைவிட வயது குறைவு. மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோதுமையை விலக்கணும். பாலை விலக்கணும். முட்டை, பருப்பு, சோயா, கொட்டை வகை எல்லாம் விலக்கணும். தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், மிளகாய் விலக்கணும். அரிசியும் விலக்கணும். சர்க்கரை, காப்பி விலக்கணும்.

"மிச்சம் தண்ணி இருக்குங்களா?" என்றாள் அண்ணி.

மேடம் சிரிக்கவில்லை. இது மாத்திரைக்குப் பதில் இல்லை, சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது, சில வாரம் இருந்து பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும் என்று நிதானமாகச் சொன்னாள். வெளியே வந்ததும் அண்ணி அவளுக்கு விலக்கம்மா என்று பெயர் வைத்துவிட்டாள்.

அன்றைக்கே அண்ணன் பேச்சை எடுத்தான். "வேலையை விட்டுடு. நாள் முழுக்க நெருப்புல நின்னா எந்த உடம்பு தேறும்?"

"நெருப்புல நிக்கலைன்னா குளிருதே எனக்கு."

"விளையாடாதே. நான் சம்பாதிக்கிறது போதும். வாயாடியும் மறுபடி பள்ளிக்கூடம் போகட்டும்."

 அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை மடித்துப் பிரித்து மறுபடி மடித்தாள். அப்புறம், "அடுத்த தடவை டாக்டர் பார்க்கிற வரைக்கும் விடுங்க. அதுக்குள்ள உடம்பு தேறலைன்னா நானே விட்டுடறேன்" என்றாள். அண்ணன் சரி என்றான். நான் சுவரைப் பார்த்தேன். அந்தச் சுவரை எனக்கு நன்றாகத் தெரியும். அதோடு மறுபடி உட்கார எனக்கு ஆசை இல்லை.

விலக்கம்மா சொன்னதை அண்ணி அப்படியே பின்பற்றினாள். வீட்டில் பூசணி, கீரை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மீன், கேரட். திரும்பவும் பூசணி. அண்ணனும் கூடச் சேர்ந்து அதையே சாப்பிடுவேன் என்று வீரமாக ஆரம்பித்தான். ஒரு வாரம் கழித்து அவன் சட்டைப் பையில் பிஸ்கட் தூள் இருந்தது. "மீட்டர் பார்க்கப் போன வீட்டுல கொடுத்தாங்க, மறுத்தா தப்பா நினைப்பாங்க" என்றான். "எல்லா வீட்டுலயுமா?" என்று கேட்டுவிட்டு அண்ணி பையைத் தட்டிவிட்டாள்.

ஆனால் உடம்பு தேறவில்லை. போனபோதெல்லாம் விலக்கம்மா கேட்டாள். "விலக்கினதுல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணும் சாப்பிடலைங்க."

"வெளியில? வேலை இடத்துல?"

"அங்கே நான் வாயில வைக்கிறதே இல்லைங்க. கிழங்கு டப்பாவுல கொண்டு போறேன். இவளைக் கேளுங்க."

நானும் தலையாட்டினேன். அண்ணி அங்கே ஒன்றும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மூன்றாவது முறையோ நாலாவது முறையோ போனபோது அண்ணனும் வந்திருந்தான். விலக்கம்மா அண்ணியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ கூடவே இருக்கியாம்மா? காலையில இருந்து அவங்க என்னென்ன பண்றாங்கன்னு வரிசையா சொல்லு பார்ப்போம்."

வழக்கம் போலத் தொண்டைக்குள் கதவு சாத்திக்கொண்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சொல்ல வராததால் கையால் செய்து காட்டினேன். அண்ணி அடுப்பைப் பற்ற வைப்பது. அண்டாவை ஏற்றுவது. கிளறுவது. அப்புறம் கரண்டியை எடுத்து, இடது உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, நக்கி, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்ப்பது. அடுத்த அண்டா. கரண்டி, உள்ளங்கை, நாக்கு, தலை சாய்ப்பு. அடுத்தது.

"நில்லு" என்றாள் விலக்கம்மா. "அது என்ன?"

"எது?" என்றாள் அண்ணி.

"கையில ஊத்தி நக்குறது."

"அது ருசி பார்க்கிறதுங்க."

"என்ன ருசி பார்ப்பீங்க?"

"பருப்பு இருக்கும். தக்காளி சூப் இருக்கும். இறைச்சி இருக்கும், அதுல மிளகாய் சரியா இருக்கான்னு பார்க்கணும். பால் காய்ச்சினா சர்க்கரை பார்க்கணும். சோறு வெந்துடுச்சான்னு ரெண்டு பருக்கை."

"அதெல்லாம் சாப்பிட்டதா எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நான் எங்கேங்க சாப்பிட்டேன்? ருசி பார்த்தேன்."

அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. விலக்கம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதற்கு முன் சிரித்தே நாங்கள் பார்த்திராத அந்தப் பெண் குனிந்து, தோள் குலுங்கச் சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். அண்ணி மட்டும், "பார்க்கிறது வேற, சாப்பிடுறது வேற இல்லையா?" என்று எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"நமக்கு வேற. உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாதும்மா" என்றாள் விலக்கம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "விலக்கின அத்தனையும் கொஞ்சம் கொஞ்சமா தினம் உள்ளே போயிருக்கு. இப்படி இருந்தா எது ஒத்துக்கலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

பஸ்ஸில் வரும்போது அண்ணன் சிரிப்பு அடங்கியிருந்தது. "ருசி பார்க்காம சமைக்க முடியாது. அப்போ முடிவாயிடுச்சு."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். "முதல்ல இருந்துன்னா கெடுவும் முதல்ல இருந்துதானே? அடுத்த தடவை டாக்டர் பார்க்கிற வரைக்கும்."

"ஒரு சொட்டு நாக்குல பட்டுச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே விடணும்."

"சரி."

"எப்படிச் சமைப்பே?"

"எனக்கு ரெண்டு நாக்கு இருக்கு" என்று என் தோளில் கை போட்டாள் அண்ணி. "ஒண்ணு இதுவரைக்கும் சும்மா கிடந்துச்சு."

மறுநாளிலிருந்து கரண்டி என் கைக்கு வந்தது. அண்ணி சமைப்பாள், நான் நக்குவேன். "எப்படி?" என்பாள். "நல்லா இருக்கு" என்பேன். அடுத்த அண்டா. "இது?" "நல்லா இருக்கு."

அன்றைக்கு டிப்போ முழுக்கத் தண்ணீர் குடித்தது. ஹாரன் தட்டோடு அடுப்படி ஜன்னலுக்கு வந்தார். "அக்கா, சூப்பு அருமை. நேரா கடல்ல இருந்து குழாய் போட்டுட்டீங்களா?" அவருக்குப் பின்னால் ரிவர்ஸ் என்கிற வயதான டிரைவர் நின்றார். ஒருமுறை பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது டிப்போ கேட்டையே பெயர்த்ததால் வந்த பெயர் என்பார்கள். அவர் பேச்சும் தலைகீழ்தான். நன்றாக இருந்தால் மோசம் என்பார், மோசமாக இருந்தால் பிரமாதம் என்பார். அவர், "பிரமாதம், பிரமாதம்" என்று தட்டை நீட்டியதும் அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது.

பாத்திரம் கழுவும் அம்மாவைக் கேட்கலாம் என்றால், அவர் ரத்த அழுத்தத்துக்காக வருடக்கணக்காக உப்பில்லாமல் சாப்பிட்டவர். தண்ணீரைக் கொடுத்தாலும் உப்பு ஜாஸ்தி என்பார்.

மதியம் கூட்டம் கலைந்த பிறகு அண்ணி என்னைச் சாக்கு மூட்டைமேல் உட்கார வைத்தாள். "நல்லா இருக்குன்னா என்ன அர்த்தம்? எனக்குப் பயந்து சொல்றியா?"

தலையாட்டினேன்.

"உப்பு அதிகம்னு தெரிஞ்சுதா?"

தெரிந்தது. தலையாட்டினேன்.

"அப்போ ஏன்டி சொல்லலை?"

கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அண்ணி பெருமூச்சு விட்டாள். "எனக்குப் பேரெல்லாம் வேண்டாம். உப்பு, புளிப்பு, ஒண்ணும் வேண்டாம். நாக்குல விட்டா அது எங்கே போகுது, என்ன பண்ணுது, அதை மட்டும் சொல்லு. என் காதுல சொல்லு போதும்."

அடுத்த நாள் தக்காளி சூப்பை நக்கிவிட்டு அவள் காதில் சொன்னேன். "நுனியிலயே நிக்குது. உள்ளே வரலை."

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். எலுமிச்சையை எடுத்துப் பிழிந்தாள். "இப்போ?"

"வந்துடுச்சு. உட்கார்ந்துடுச்சு."

அப்படித்தான் ஆரம்பித்தது. உப்பு குறைந்தால், "வீட்டுல ஆள் இல்லை" என்பேன். மிளகு ஏறினால், "பின்பக்கமா வந்து கதவைத் தட்டுது". பருப்பு சரியாக வேகாவிட்டால், "இன்னும் கோபமா இருக்கு". அண்ணி ஒவ்வொன்றுக்கும் சிரித்துவிட்டு, எதைச் சேர்க்க வேண்டுமோ அதைச் சேர்ப்பாள். கொஞ்ச நாளில் காதில் சொல்வது போய், பக்கத்தில் நின்று சொல்வது வந்து, அப்புறம் வெங்காயம் நறுக்கிய இடத்திலிருந்தே சத்தமாகச் சொல்வது வந்தது. எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. ஹாரன் ஜன்னலில் நின்று கேட்டுவிட்டு, "பாப்பா, இன்னிக்கு இறைச்சி வீட்டுல இருக்கா, வெளியில போயிருக்கா?" என்று கேட்பார்.

அந்த நாட்களில் எனக்கு மிகவும் பிடித்தது மதியத்துக்குப் பிறகான நேரம். பஸ்கள் எல்லாம் வெளியே போயிருக்கும். தகரக் கூரையில் மழை. அண்ணி கிழங்கு டப்பாவைத் திறந்து வைத்துக்கொள்வாள். எனக்கு ரொட்டிக் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து, "ரொட்டி சொல்லு" என்பாள்.

ரொட்டி தின்னு என்று சொல்ல மாட்டாள். ரொட்டி சொல்லு. கடித்துக்கொண்டே சொல்ல வேண்டும். "மேல் பக்கம் பல்லுல பட்டதும் உடையுது. சின்னச் சத்தம்."

"ம்."

"உள்ளே தலையணை மாதிரி. அமுக்கினா மெதுவா எழுந்துக்குது."

"சூடு?"

"நடுவுல மட்டும். ஓரம் ஆறிப்போச்சு."

"ஓரம் ஆறினாதான் நல்லா இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கடிப்பாள். "மென்னு முடிச்சதும் ஒரு இனிப்பு வருமே, வந்துச்சா?" வந்தது என்றால் அவளும் விழுங்குவாள். வெண்ணெய் சொல்லச் சொன்ன நாளில் நான் ரொம்ப நேரம் சொன்னேன். போதும் போதும், என்னால தாங்க முடியலை என்று என் வாயைப் பொத்தினாள். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, நான் பேசுவதை அவ்வளவு ஆவலாக யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. இன்று அண்ணனும் அண்ணியும் வேறு ஊரில் இருக்கிறார்கள். எனக்கும் வேறு வேலை. மழை நாளில் தனியாக ரொட்டி தின்னும்போது வாய்க்குள் சொற்கள் தானாக வரிசை கட்டும். சொல்ல ஆள் இல்லாமல் தின்றுவிடுவேன்.

அண்ணியிடம் மாற்றம் மெதுவாகத்தான் தெரிந்தது. மோதிரம் தளர்ந்தது. மாடிப்படியில் சுவரைப் பிடிக்காமல் ஏறினாள். பட்டாணி உரிக்கும்போது தூங்கவில்லை. ஹாரனின் கேலிக்கு உடனுக்குடன் பதில் கொடுத்தாள். முன்பெல்லாம் அவர் போய்க் கால்மணி நேரம் கழித்துத்தான் பதில் ஞாபகம் வரும். ஆனாலும் டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியாது. அண்ணன் நாள் தவறாமல் கேட்டான். "நாக்குல படலையே?" "படலை."

டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின நாள் ரிவர்ஸுக்கு வேலையில் கடைசி நாள். டிப்போவில் விருந்து. எல்லோர் குடும்பமும் வரும். மீட்டர் வேலையை முடித்துவிட்டு அண்ணனும் வருவதாகச் சொல்லியிருந்தான். விடிந்ததிலிருந்து நாங்கள் அடுப்படியில் இருந்தோம். எனக்கு மூக்கு அடைத்திருந்தது. முதல் அண்டா கொதித்ததும் அண்ணி கரண்டியை நீட்டினாள். நக்கினேன்.

ஒன்றும் இல்லை. சூடு மட்டும்தான் தெரிந்தது. மறுபடி நக்கினேன். பச்சை வெங்காயத்தைக் கடித்தேன். ஈரமான காகிதம் மாதிரி இருந்தது.

"அண்ணி, எதுவுமே தெரியலை."

"என்ன தெரியலை?"

"உப்பு தெரியலை. நாக்குல யாருமே இல்லை."

அண்ணி என் நெற்றியைத் தொட்டாள். மூக்கைப் பார்த்தாள். அண்டாக்களைப் பார்த்தாள். இறைச்சி, பருப்பு, சூப், பால் பாயசம் என்று நாலும் கொதித்துக்கொண்டிருந்தன. வெளியே மேசை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

கிளறினாள். கரண்டியை எடுத்தாள். பழக்கத்தில் இடது கை தானாக விரிந்தது. இரண்டு சொட்டு உள்ளங்கையில் விழுந்தது. அதைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். நானும் பார்த்தேன். நக்கினால் யாருக்கும் தெரியாது. என்னைத் தவிர யாரும் இல்லை. நான் சொல்லவும் மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

கையைத் துணியில் துடைத்தாள். "ஒவ்வொண்ணுலயும் தனித்தனிக் கிண்ணத்துல கொஞ்சம் எடுத்துக்கிட்டு வெளியில போ" என்றாள். "பட்டறை ஆளுங்க யார்கிட்டயாவது கேட்டுட்டு வா."

"நானா?"

"நான் போனா எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. எனக்குப் பயந்து."

கிண்ணங்களைத் தட்டில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். குழிக்குள் நின்று பஸ்ஸுக்கு அடியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், டயர் உருட்டிக்கொண்டிருந்தவர்கள், மாலை கட்டிக்கொண்டிருந்த ஹாரன் என்று எல்லோரும் திரும்பினார்கள். தொண்டைக்குள் கதவு அசைந்தது. சூப் கிண்ணத்தை நீட்டினேன். ஹாரன் ஒரு வாய் வைத்தார். "நல்லா இருக்கு பாப்பா." அடுத்தவரும் நல்லா இருக்கு. அடுத்தவரும். பசியில் இருப்பவனிடம் கேட்டால் அதைத்தான் சொல்வான். இதை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய் அண்ணியிடம் என்ன சொல்வது?

"நல்லா இருக்குன்னா போதாது" என்றேன். என் குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. "எங்கே நிக்குதுன்னு சொல்லுங்க. நுனியில நிக்குதா, உள்ளே வருதா? எனக்குச் சளி. அண்ணி நாக்குல வைக்கக் கூடாது. வச்சா இன்னிக்கே வேலையை விடணும்."

யாரும் சிரிக்கவில்லை. ஹாரன் மாலையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஒரு வாய் வைத்தார். இந்த முறை கண்ணை மூடினார்.

"உள்ளே வருது," என்றார். "ஆனா உட்கார மாட்டேங்குது. நின்னுக்கிட்டே இருக்கு."

"எங்கே கொடு" என்று குழிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. "நிக்கலை அண்ணே, படுத்துடுச்சு. உப்பே இல்லை."

"உன் நாக்குல கிரீஸ் ஒட்டியிருக்கு. உப்பு சரியா இருக்கு. புளிப்புதான் வரலை."

"பாப்பா, நான் சொல்றதை எழுதிக்க. வீட்டுல ஆள் இருக்கு, ஆனா பேச மாட்டேங்குறாங்க."

சண்டை போட்டுக்கொண்டே பட்டறை மொத்தமும் என் பின்னால் அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணி எலுமிச்சை பிழிந்தாள், உப்புப் போட்டாள், கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தாள். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவர்கள் முகத்தையே பார்த்தாள். பாயசத்துக்கு மட்டும் ஒற்றுமையே வரவில்லை. பாதிப்பேர் இன்னும் சர்க்கரை என்றார்கள், பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள். கடைசியில் ரிவர்ஸைக் கூப்பிட்டார்கள். புதுச்சட்டையில் வந்த அவர் ஒரு கரண்டி குடித்துவிட்டு, உதட்டைச் சப்பினார்.

"மோசம்," என்றார். "படுமோசம்."

அண்ணி அடுப்பை அணைத்தாள். கூட்டம் விலகியபோதுதான் பார்த்தோம், அண்ணன் கதவோரம் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கையில் ஒரு காலிக் கிண்ணம் இருந்தது. அவனுக்கும் யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், மூட்டுகளை மடக்கிப் பார்த்தார். ரத்தக் கணக்கு முன்பு போலச் சரியாகவே இருந்தது, மாத்திரை அதே அளவு தொடர வேண்டும் என்றார். வீக்கமும் வலியும் நன்றாகக் குறைந்திருக்கின்றன என்று சொல்லி விலக்கம்மாவைப் பார்க்க அனுப்பினார். அவள் அண்ணியின் கையை மேசைமேல் விரித்து வைத்து ஒவ்வொரு விரலாக அழுத்தினாள். "வலி?" "இல்லைங்க." "தலையில மூட்டம்?" "இவ பேரு ஞாபகம் இருக்கு" என்று அண்ணி என்னைக் காட்டினாள். இனி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்க்கலாம், ஒன்று சேர்த்தால் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது, முதலில் முட்டை மஞ்சள் கரு என்றாள் விலக்கம்மா. சில உணவு திரும்பி வரும், ஒன்றிரண்டு வராமலும் போகலாம், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

அண்ணன் தொண்டையைச் செருமினான். "சமையல் வேலை?"

"அது உடம்பைப் பொறுத்தது. அவங்களைத்தான் கேக்கணும்" என்றாள் விலக்கம்மா.

அவன் அவளைக் கேட்கவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மழை விட்டிருந்தது. அண்ணி பை வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். கெடு முடிந்துவிட்டது. உடம்பு தேறியிருக்கிறது. ஆனாலும் அவன் வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

எங்கள் டிப்போ பஸ் வந்தது. அண்ணியைப் பார்த்ததும் டிரைவர் நிறுத்தத்தைத் தாண்டாமல் சரியாக எங்கள் முன்னால் கதவு வருகிற மாதிரி நிறுத்தினார். ஏறி உட்கார்ந்தோம். இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். அண்ணன் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நேத்து அந்தப் பருப்புல இன்னும் கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம்."

அண்ணி திரும்பி அவனைப் பார்த்தாள். "யார் சொன்னா? மொத்தப் பேரும் சரின்னாங்க."

"என்னை யாரும் கேக்கலையே."

"நீங்க டிப்போ ஆளா?"

"மதியம் அந்தப் பக்கம்தான் மீட்டர் பார்க்கப் போவேன். நாளையில இருந்து வந்து சொல்றேன்" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "காலையில கிளம்பும்போது என்னையும் எழுப்பு வாயாடி" என்றான்.

அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்டக்டர் வந்து டிக்கெட் என்று கை நீட்டியபோது, நாளைக்கு இறைச்சி சமைக்கவா, மீன் சமைக்கவா என்று அவரிடம் கேட்டாள்.